நான்காவது திருகாணி

இப்போதெல்லாம் மனிதர்களுக்குப் பொய் சொல்ல முகம் தேவைப்படுவதில்லை. வீட்டில் செருப்பைத் தேடிக்கொண்டே "பக்கத்துல வந்துட்டேன்" என்கிறார்கள். வர மனமில்லாதவன் முன்பெல்லாம் கதவுக்குப் பின்னால் ஒளிவான். கதவடியில் கால் தெரியும், அந்தக் காலைப் பார்த்தாவது நாலு வார்த்தை திட்டலாம். இப்போது "அடிச்சேன், லைன் கிடைக்கல" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறார்கள். இதைச் சொல்லக் காரணம் உண்டு. ரயிலடிக்கு எதிரே இருக்கிற பெரிய ஓட்டலின் நிலவறைச் சலவைக்கூடத்தில், கூரையில் இருந்த வைஃபை பெட்டியோடு போன் சிக்னலைக் கீழே கொண்டுவரும் மாட்யூல் ஒன்றை மாட்டிய அன்று, அத்தனை வருஷமாக அங்கே வந்து சேராமல் போன போன் அழைப்புகள் எல்லாம் வந்து சேர ஆரம்பித்தன. பழையது முன்னால், புதியது பின்னால் என்று வரிசை தப்பாமல் வந்தன.

அந்தக் கூடம் தரைக்குக் கீழே இரண்டு மாடி ஆழத்தில் இருக்கிறது. மேலே அறைகளில் கழற்றிய விரிப்புகள் ஒரு தகரக் குழாய் வழியாகத் தொப்பென்று வந்து விழும். ஒரு பக்கம் துவைக்கும் டிரம்கள், ஒரு பக்கம் ஈர விரிப்பை வாங்கிக்கொண்டு மொடமொடவென்று வெளியே தள்ளும் சூடான ரோலர். சுவர்கள் அப்படிப்பட்ட கனம், போனில் ஒரு சிக்னல் கோடுகூட நிற்காது. விரிப்புகளின் கணக்கை மேலே அனுப்ப ஒரு வைஃபை பெட்டி உண்டு. ஆனால் அதன் ரகசிய எண்ணை நிர்வாகம் தொழிலாளிகளுக்குச் சொன்னதில்லை, சொன்னால் துணி தேங்கும் என்று பயம். ஆகவே கீழே வேலை செய்கிறவர்களின் சொந்தக்காரர்களுக்கெல்லாம் நல்ல வசதியாகப் போயிற்று. எதற்கு அழைக்கவில்லை என்று கேட்டாலும் அந்தச் சுவரைக் காட்டினால் போதும்.

ரோலரில் துணி கொடுப்பவரை எல்லோரும் ரோலர் அண்ணன் என்பார்கள். அவருடைய அம்மா வெளியூரில் அவர் தம்பி வீட்டில் இருந்தாள். டிரம் ஒன்றின் கதவு பிய்ந்து சோப்பு நுரை மார்பளவு ஏறி, எல்லோரும் வாளியால் அள்ளிக்கொண்டிருந்த நாளில், அவள் போய்விட்டாள். சேதி தெரிந்து இவர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, வீடு கழுவி விட்டிருந்தார்கள். தம்பி கட்டிக்கொண்டு அழுதான். "காலையிலருந்து அடிக்கிறேன்ணா, லைனே போகல. நீ பாதாளத்துல இருந்தா நான் என்ன பண்ணுவேன்?" அண்ணன் அதை நம்பினார். மனைவி சந்தேகப்பட்டபோது அவளோடு பேச்சை நிறுத்தினார். "அவன் கூப்பிட்டிருக்கான். நான்தான் பூமிக்குள்ள உக்காந்திருந்தேன்" என்று தன் தலையிலேயே பழியைத் தூக்கி வைத்துக்கொண்டு, இனி ஒருவருக்கும் இப்படி ஆகக்கூடாது என்று வருஷக்கணக்காக நிர்வாகத்தை நச்சரித்தார். அந்த சிக்னல் அவர் கேட்டு வாங்கியது. இது முக்கியம்.

மாட்ட இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் ஏணியில் ஏறினான், இன்னொருவன் கீழே நின்று செய்முறைத் தாளைப் படித்தான். பெட்டியை அதன் பிடியிலிருந்து திருகி இறக்கு, கேபிளை உருவு, பின்பக்க மூடியை எடு, மாட்யூலின் பல்லைப் பள்ளத்தில் நேராக வைத்து டக்கென்று சத்தம் கேட்கும்வரை அழுத்து, நான்கு மூலையிலும் திருகாணியை முடுக்கு, பிறகே கேபிளைச் செருகு. ஏணிக்காரன் மூன்றை முடுக்கினான். நான்காவது அவன் விரலில் நழுவி, கீழே போய்க்கொண்டிருந்த அழுக்குத் தள்ளுவண்டியில் விழுந்து, தலையணை உறைகளோடு டிரம்முக்குள் போய்விட்டது.

"ஒண்ணு கொறையுதேடா."

"மூணு போதும். கீழ விழுந்தா நம்ம தலையிலயா விழப்போகுது? நீ படிக்கிறதப் படி."

கேபிளைச் செருகினான். விளக்கு முதலில் மஞ்சளாக எரிந்து பிறகு பச்சையானது. பெட்டிக்கும் மாட்யூலுக்கும் நடுவே, திருகாணி இல்லாத மூலையில், ஒரு நகம் நுழையும் இடைவெளி இருந்தது. பழைய அழைப்புகள் அதன் வழியாகத்தான் இறங்கின.

முதலில் துணி மடிக்கும் அக்காவுக்கு வந்தது. கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிற அவள் மகள், பள்ளிக்கூட வாசலிலிருந்து சின்னக் குரலில் பேசினாள். "அம்மா, மழையில நிக்கிறேன், வா." அக்கா குடையை எடுத்துக்கொண்டு பாதிப் படி ஏறிவிட்டுத்தான் நினைவு வந்து திரும்பினாள். சூப்பர்வைசருக்குச் செத்துப்போன பழைய மேனேஜரின் வசவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் அவர் எழுந்து நின்று "சரிங்க சார்" சொல்லிவிட்டு உட்கார்ந்தார். இறந்தவர்களுக்கும் வேலையை விட்டவர்களுக்கும் வந்த அழைப்புகள், பெட்டிக்கு நேர் கீழே யார் நிற்கிறார்களோ அவர்கள் போனில் அடித்தன. அவர்களும் "அவர் இல்லீங்க, வந்தா சொல்றேன்" என்று மரியாதையாகச் சொல்லி வைத்தார்கள். வந்த அழைப்புகளைவிட வராதவைதான் அதிகம் தொந்தரவு செய்தன. கூப்பிட்டேன் என்று சத்தியம் செய்திருந்த மைத்துனர்களும் சிநேகிதர்களும் கூப்பிடவே இல்லை என்பது வரிசையாகத் தெரிந்துகொண்டு போனது. ஒரு மாதத்தில் கூடத்தில் பாதிப் பேர் யாரோடாவது பேச்சை நிறுத்தியிருந்தார்கள்.

நுரை பொங்கிய நாளின் அழைப்புகள் வந்த அன்று ரோலர் அண்ணன் ரோலரை நிறுத்திவிட்டு, பெட்டிக்குக் கீழே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். சுற்றி நின்றவர்கள் அவரவர் போன் அடித்ததும் கிசுகிசுத்துவிட்டு வைத்தார்கள். மெக்கானிக்கின் வீட்டுக்காரி வெங்காயம் வாங்கி வரச் சொன்னாள். மடிப்பு அக்காவிடம் யாரோ தப்பான நம்பர் என்றார்கள். கடைசியில் அண்ணனுக்கும் ஒன்று வந்தது. தம்பியின் நம்பர் அல்ல.

"நான்தான்டா. பக்கத்து வீட்டுப் போன்ல பேசறேன். உன்னைக் கூப்பிட்டாச்சு, நீ கிளம்பி வந்துட்டிருக்கன்னு தம்பி சொன்னான். எங்கடா வந்துட்டிருக்க?"

அண்ணன் கையில் ஈர விரிப்பின் முனை ஒன்று இருந்தது. அதைப் பிடித்தபடியே, எல்லோரும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார்.

"பக்கத்துல வந்துட்டேம்மா."

"சரி, மெதுவா வா. நான் முழிச்சுட்டுதான் இருக்கேன்."

அதற்குப் பிறகு மறுநாளின் அழைப்புகள் வர ஆரம்பித்துவிட்டன. தம்பியிடமிருந்து ஒன்றுகூட இல்லை.

தம்பியை வரவழைத்தார்கள். அவன் பெட்டியை அண்ணாந்து பார்த்துச் சிரித்தான். "அண்ணா, ஒரு திருகாணிகூட ஒழுங்கா மாட்டத் தெரியாதவனுங்க மாட்டுனது. அது சொல்றத நம்புவியா, உன் தம்பிய நம்புவியா?" கூடத்தில் சிலருக்கு அது நியாயமாகவே பட்டது. அப்போது அவன் சட்டைப் பையில் போன் அடித்தது, எடுத்தான். உள்ளே வரத் தவறியவை மட்டுமல்ல, அங்கிருந்து வெளியே போகத் தவறியவையும், உரியவர் வந்து நிற்கும்வரை, கூரையிலேயேதான் தங்கியிருந்தன. வாளியும் நுரையும் சளசளக்க, அன்றைய அண்ணனின் வயது குறைந்த குரல் எல்லோருக்கும் கேட்டது. "தம்பி, மனசு என்னமோ பண்ணுதுடா. அம்மாவுக்கு ஒண்ணும் இல்லல்ல?"

தம்பி யோசிக்கவில்லை. எதிரே நின்ற அண்ணனைப் பார்த்துக்கொண்டே போனில் சொன்னான். "ஒண்ணும் இல்லண்ணா. நல்லாத்தான் இருக்கா. நீ வேலையப் பாரு."

சொன்னபிறகுதான் தான் சொன்னது அவன் காதில் விழுந்திருக்க வேண்டும். போனை இறக்கினான். பிறகு பேசினான். "அவளைக் குளிப்பாட்டுனது நான். மாத்திரை கொடுத்தது, தூக்கி உக்காரவச்சது எல்லாம் நான். ஆனா யார் வந்து நின்னாலும் 'பெரியவன் வந்தானா'ன்னுதான் கேப்பா. நீ கடைசி நாள் வந்து நின்னிருந்தா அவ கண்ணு உன் பக்கம்தான் திரும்பியிருக்கும். அந்த ஒரு நாளாவது என்னைப் பாக்கட்டும்னு இருந்தேன்."

"பாத்தாளா?" என்றார் அண்ணன்.

"வாசலையே பாத்துட்டிருந்தா."

ரோலர் அண்ணன் இயந்திரத்தைப் போட்டார். விரிப்பை உதறி நேர் பண்ணினார். "நீ மேல போ. இனிமே கிடைக்கலன்னும் சொல்லாத, கூப்பிடவும் கூப்பிடாத." தம்பி போனான். அன்று வந்த விரிப்புகள் ஒன்றுகூடச் சுருங்காமல் இருந்ததாக மடிப்பு அக்கா சொல்கிறாள். அவள் எதையும் கூட்டிச் சொல்கிறவள் அல்ல.

அந்த நான்காவது திருகாணி கொஞ்ச நாளில் ஒரு தலையணை உறைக்குள்ளிருந்து பளபளவென்று கிடைத்தது. ரோலர் அண்ணன் அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நிர்வாகம் ஏணிக்காரனை மறுபடி அனுப்பியது. அவன் வேறு திருகாணிகளை வைத்துப் பார்த்தான், எதுவும் அந்தத் துளைக்குச் சேரவில்லை. அண்ணன் தன்னிடம் இருப்பதைக் கொடுக்கவுமில்லை, மறைக்கவுமில்லை. அம்மாவின் அழைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை என்று அவர் சொன்னார். போனைக் காட்டினார், நேரம் ஓடிக்கொண்டிருந்தது. காதில் வைத்தால் ஒரு அறையின் மின்விசிறிச் சத்தமும், நடுவில் ஒரு இருமலும் கேட்கும். மூலையை மூடினால் அது போய்விடும் என்றார். ஏணிக்காரன் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, ஏணியை மடக்கிக்கொண்டு போனான். பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் கையுறை எங்கே, கழிப்பறை எங்கே என்று சொல்வதோடு, பழைய அழைப்பு வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள்.

அங்கே சோப்புப் பீப்பாய் இறக்கப் போகிறவன் நான். போன வாரம் ரோலர் அண்ணன் ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். "உங்களுக்கும் ஏதாவது தங்கியிருக்கும். நீங்க இங்க இறங்கியிருக்கிறப்பதான் உங்க பையன் அடிக்கடி கூப்பிட்டு லைன் கிடைக்கலன்னு சொல்றான்னு சொல்வீங்களே. உக்காந்து கேட்டுட்டுப் போங்க."

மூன்று திருகாணியில் தொங்குகிற பெட்டி அது. நான் அதை நம்பவில்லை, இன்றைக்கும் நம்பவில்லை. அப்படியே அவரிடம் சொல்லிவிட்டு, காலிப் பீப்பாயைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். என் போனைக் கீழே இறங்கும் முன்பே அணைத்து வைத்திருந்தேன். ரயிலடி தாண்டி, தெருமுனை தாண்டி, ஓட்டல் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் போட்டேன்.