எலும்பு ஒன்று, சதைதான் வேறு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் கூடத்தில், அந்த வீட்டிலேயே தங்கிப் பயிலும் சூமோ மல்லர்கள் எல்லாரும் வரிசையாகச் சாய்ந்து குறட்டை விடுவார்கள். ஜோமார்த் மட்டும் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்காருவான். அங்கே கசாக்ஸ்தானில், சொந்த ஊரான கார்கரலியில் அப்பா குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து அவன் அழைப்புக்குக் காத்திருப்பார். டோக்கியோவுக்கு வந்த நான்கு வருஷத்தில் இது ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. இப்போது ஒரு மாதமாக அப்பாவின் குரல் வரவில்லை. அக்கா உல்போல்சின்தான் எடுக்கிறாள். அப்பா குளிர்கால மேய்ச்சலுக்குப் போயிருக்கிறார், அங்கே சிக்னல் கிடைக்காது என்கிறாள்.

அதற்கு மேல் அவன் கேட்பதில்லை. கேட்கப் பயம். தூரத்தில் இருப்பவனுக்குச் சாவுச் செய்தியை போனில் சொல்லும் வழக்கம் அவன் ஊரில் கிடையாது. அவனைச் சுற்றி நாலு பேர் உட்கார வேண்டும். பெரியவர் ஒருவர் வேறு எதையோ பேசுவதுபோல ஆரம்பித்து, சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் ஊரே ஒற்றுமையாகப் பொய் சொல்லும். பட்டாளத்தில் இருந்த பக்கத்து வீட்டுக்காரனிடம், அவன் அம்மாவைப் புதைத்துவிட்டு வந்த கையோடு, "அத்தை நல்லாத்தான் இருக்காங்க" என்று கூசாமல் சொன்னவன்தான் இந்த ஜோமார்த்தும். அந்தப் பொய் எப்படி ஒலிக்கும் என்று அவனுக்குத் தெரியும். அக்காவின் குரல் அப்படித்தான் ஒலித்தது.

ஜப்பானிய மொழியை அவன் ஒரே வருஷத்தில் பிடித்துக்கொண்டதற்கு மூளை காரணமில்லை. எல்லாம் அப்பாவின் விளையாட்டு. சொல்லெல்லாம் வேறு, ஆனால் சொல் வருகிற வரிசை நம்முடையதுதான் என்று வந்த புதிதில் அவன் சொன்னதை அப்பா நம்பவில்லை. 'என் குதிரை ஆற்றில் தண்ணீர் குடித்தது' என்பதை ஜப்பானியத்தில் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லச் சொன்னார். என், குதிரை, ஆற்றில், தண்ணீர் என்று அதே வரிசையில் வந்து, குடித்தது என்று அதே மாதிரி முடிந்ததும் மனிதர் குஷியாகிவிட்டார்.

"ரஷ்யன் படிச்சப்ப வாயையே திருப்பிப் போட வேண்டியிருந்துச்சுடா. இது அப்படியில்ல. எலும்பு ஒண்ணு, சதைதான் வேற."

தண்ணீருக்குக் கசாக்கில் 'சு', ஜப்பானியத்தில் 'மிசு' என்று தெரிந்த அன்று அவர் ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்தார். ஜப்பான்காரர்களும் நம்ம பசங்கதான், வழியில் எங்கேயோ ஒரு 'மி'யைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று தீர்ப்பே வழங்கிவிட்டார். அதிலிருந்து வாரம் ஒரு ஜோடிச் சொல் கேட்பார். பொருந்தாத சொல் கிடைத்தால் மட்டும் காது கேட்காத மாதிரி இருந்துவிடுவார்.

பொருந்தாதவையும் ஏராளம். கசாக்கில் 'இயா' என்றால் ஆமாம். இங்கே அது வேண்டாம் என்று முகத்தில் அடிக்கிற சொல். வந்த முதல் வாரம், இன்னும் சோறு வேணுமா என்று கேட்டவர்களிடம் ஆசையாக 'இயா, இயா' என்று சொல்லி அரைப்பட்டினி கிடந்தான். மூத்த மல்லன் மிகாமி அதை இன்றுவரை விடவில்லை. ஜப்பானின் வடகோடி அவமோரிக்காரனுக்கே உரிய கட்டைக் குரலில், கரண்டியைப் பானைக்கு மேலே நிறுத்திக்கொண்டு, "என்னடா, சோறு இயாவா?" என்று வேளாவேளைக்குக் கேட்பான்.

ஜனவரிப் போட்டி ஆரம்பித்த அன்று மிகாமி ஒன்றும் கேட்காமல் அவன் கிண்ணத்தை நிரப்பினான். நல்ல கறியாகப் பார்த்துப் பொறுக்கி மேலே வைத்தான். மறுநாளும் அப்படியே.

"என்னண்ணே, இயா இல்லையா இன்னிக்கு?" என்று ஜோமார்த்தே கேட்டுப் பார்த்தான்.

மிகாமி பானைக்குள் பார்த்துக்கொண்டு, "சாப்பிடுடா" என்றான்.

அந்தக் கேலியைக்கூட நான்கு வருஷம் பொறுத்துக்கொண்டான். இந்த அன்பை அவனால் பொறுக்க முடியவில்லை. தோற்றுவிட்டு வந்தாலும் யாரும் திட்டவில்லை. இந்த வீட்டில் கசாக் பேச அவனுக்கு ஒரு ஜீவன் கிடையாது. பானையிடமும் துடைப்பத்திடமும்தான் பேசுவான். வாரம் ஒருமுறை அப்பாவோடு பேசும்போதுதான் வாய் தன் வாய் மாதிரி இருக்கும். அவர் போய்விட்டால் கிடைக்கிற சொல்லை எல்லாம் யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது? அந்தக் குரலை ஒரே ஒரு தடவை கேட்டால் போதும் என்று ஏங்கினான். மண்டை வலிக்குது, தொந்தரவு பண்ணாதேடா என்று திட்டினால்கூடப் போதும்.

போட்டி முடிந்த மறுநாள் காலை, பயிற்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டு எல்லாரையும் பெரிய அறைக்கு வரச் சொன்னார்கள். மல்லர்கள் சுவரோரமாக மண்டியிட்டு, கைகளைத் தொடையில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் குருநாதரின் மனைவி. அத்தனை மல்லர்களுக்கும் அவள்தான் அம்மா. உல்போல்சின் ஜப்பானிய மொழி தெரிந்த ஒருத்தியை எங்கேயோ தேடிப் பிடித்து, அவள் மூலம் இந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்ல வைத்திருந்தாள். என்ன நடந்தது என்பதை மட்டுமல்ல, அதை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதையும். அம்மா போட்டி முடியட்டும் என்று காத்திருந்து, அத்தனை நாளும் தனியாகச் சொல்லிப் பழகியிருக்கிறாள்.

"ஜோமார்த், ஒரு ஏரி இருந்துச்சாம்" என்று ஆரம்பித்தாள். "அதுல வயசான அன்னம் ஒண்ணு இருந்துச்சாம். குளிர் வந்துச்சு. ஏரி உறைய ஆரம்பிச்சுது..."

ஏரி என்றதுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் காது கடைசிச் சொல்லுக்குக் காத்திருந்தது. அதுவரைக்கும் எதுவும் ஆகலாம், அன்னம் திரும்பிக்கூட வரலாம். அம்மா அன்னத்தை விட்டு மெதுவாக அப்பாவிடம் வந்தாள்.

"உங்கப்பா போன மாசம், குதிரைங்களோட இருக்கறப்ப, திடீர்னு நெஞ்சு வலிச்சு..."

அங்கே நிறுத்தித் தலையைக் குனிந்தாள். சுவரோரத்தில் எல்லாத் தலைகளும் குனிந்தன.

அவ்வளவுதான். இங்கே அதுதான் மரியாதை. மீதியைக் கேட்பவன் புரிந்துகொள்வான். வாய் திறந்து சொல்வதுதான் கொடுமை. அவன் ஊரிலோ எத்தனை சுற்றுச் சுற்றினாலும் கடைசியில் வாசலுக்கு வந்தே ஆக வேண்டும். அந்தச் சொல் விழாதவரை யாரும் அழ முடியாது. இரண்டு மொழியும் இவ்வளவு தூரம் கைகோத்துக்கொண்டு வந்து, இந்த இடத்தில் அவனை நடுத்தெருவில் விட்டுவிட்டன.

இப்படியே எழுந்து போய்விடலாமா என்று அவனுக்கு ஓர் ஆசை வந்தது. யாரும் தடுக்கப் போவதில்லை. அப்பா என்றைக்கும் சிக்னல் இல்லாத ஒரு மேய்ச்சலில் இருந்துகொண்டே இருப்பார். அக்கா ஒவ்வொரு ஞாயிறும் தன் அழுகையை விழுங்கிக்கொண்டு பொய் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

"முடிச்சுடுங்கம்மா" என்றான்.

அம்மா வாயைத் திறந்தாள். வரவில்லை. கண்ணீர்தான் வந்தது.

அவனே முடித்தான். கசாக்கில், உரக்கச் சொன்னான். "எங்கப்பா செத்துப் போயிட்டாரு."

அந்த வீட்டில் அந்த மொழி வேறு யாருக்கும் தெரியாது. இருந்தும் புரியாதவர் யாருமில்லை.

ஊராக இருந்தால் ஆண்கள் ஒவ்வொருவராக வந்து நெஞ்சோடு நெஞ்சு சேர்த்துக் கட்டிக்கொண்டு அவனோடு அழுவார்கள். அவன் எழுந்து நின்றான். கைகள் தாமாகக் கொஞ்சம் விரிந்தன, யாரிடம் போவது என்று தெரியவில்லை. தினமும் விடியற்காலையில் ஒருவர்மேல் ஒருவர் மோதி உருளுகிற இந்தத் தடியர்கள் இப்போது தொடையில் வைத்த கையை எடுக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். துக்கத்தில் இருப்பவனைத் தொடுவது இங்கே வழக்கமில்லை.

மிகாமி எழுந்தான். அறை நடுவே வந்து காலை அகட்டி நின்றான். முகம் சிவந்து கிடந்தது. துக்கம் கேட்க அவனுக்குச் சொல் எதுவும் தெரியவில்லை. தெரிந்த ஒன்றைச் சொன்னான். பயிற்சியில் இளையவனைத் தன்மேல் மோதச் சொல்லி மூத்தவன் கூப்பிடுகிற வார்த்தை அது.

"வா. நெஞ்சு தரேன்."

ஜோமார்த் போய் மோதினான். அப்பா, அப்பா என்று தன் மொழியில் கத்தி அழுதான். பயிற்சியில் இந்த மோதலுக்கு மிகாமி வளையத்தின் விளிம்புவரை பின்னால் சறுக்கிக்கொண்டு போவான். இன்றைக்கு அவன் ஓரடிகூட நகரவில்லை.