இரண்டு மணிக் கட்டம்

கிளம்புவதற்கு முன் ஹில்கே சமையலறை மேசையில் உட்கார்ந்து பென்சிலைச் சீவினார். சீவல்களை உள்ளங்கையில் கூட்டிக் குப்பையில் போட்டார். ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டியிருந்த தாளில், காலை பத்து மணிக் கட்டம்வரை டிக் விழுந்திருந்தது.

"சந்தைக்குப் போய் மீன் வாங்கிட்டு வந்துடறேன். வாசனைக்காவது குட்டி வாயத் திறக்குதான்னு பாப்போம். ரெண்டு மணிக்கு நீ குடுத்துடு" என்றார் மனைவி வீப்காவிடம். மறதியாகப் பென்சிலைக் கோட்டுப் பையில் செருகிக்கொண்டு சைக்கிளில் ஏறினார்.

அந்தப் பூனைக்குட்டியைக் காப்பகத்திலிருந்து கொண்டுவந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. கடுகு என்று பெயர் வைத்தவர் அவர்தான். வந்த மறுநாளே தும்மல். பிறகு கண்கள் பீளை கட்டி ஒட்டிக்கொண்டன, சாப்பாடு நின்றது. நான்கு மணிக்கொரு தடவை கூழை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து வாயோரமாகப் புகட்டச் சொல்லியிருந்தார் மருத்துவர். ஹில்கே உடனே கட்டம் போட்டுவிட்டார். நீர் வாரியத்தில் முப்பத்தாறு வருஷம் கால்வாய் மட்டம் குறித்தவர். நெதர்லாந்தின் லேவார்டன் ஊரில் அவர்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு தாள் இருந்தது. டிக் விழுந்தால் அது நடந்தது. அதை யாரும் மறுபடி கேட்டதில்லை.

வீப்காவுக்குப் பூனையே வேண்டாமென்றிருந்தது. இரண்டு வாரத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று காப்பகத்துக் காகிதத்தில் இருப்பதை மூன்றாம் நாள் அவருக்கு நினைவுபடுத்தினாள். "இது என்ன வாஷிங் மெஷினா, வீப்கா?" என்று சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. போன குளிர்காலத்தில் அவள் பத்து நாள் காய்ச்சலில் கிடந்தபோது இந்த மனிதர் இப்படி மணி பார்க்கவில்லை.

இரண்டு மணிக்குக் குட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்தாள். முதல் சொட்டையே அது அவள் ஸ்வெட்டரில் துப்பியது. வெறும் தோலும் எலும்புமான உடம்பு அவள் கைக்குள் உதறியது. திரும்பப் பெட்டியில் விட்டாள். மிச்சக் கூழைத் தொட்டியில் பீச்சி, தண்ணீரைத் திறந்துவிட்டாள். பென்சிலைக் காணோம். நீலப் பேனாவால் இரண்டு மணிக் கட்டத்தில் டிக் போட்டாள்.

சந்தையிலிருந்து ஹில்கே போன் செய்தார்.

"குடுத்தியா?"

"குடுத்தாச்சு."

"கெட்டிக்காரி. மீன் வருதுன்னு அவன்கிட்ட சொல்லு."

அதற்குப் பிறகு பத்து நிமிஷம் இருக்கும். பாலத்து ஏற்றத்தில் நெஞ்சு அடைத்துச் சைக்கிளோடு சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் அவருடைய பொருள்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். பென்சில் கூர் உடையாமல் இருந்தது.

இறுதிச் சடங்கில் மகள் நின்கா பேசினாள். ஃபிரிட்ஜிலிருந்து அந்தத் தாளை எடுத்து வந்திருந்தாள். அதை அவள் கேட்டபோது வீப்காவால் மறுக்க முடியவில்லை. அப்பா எப்படிப்பட்டவர் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று ஒவ்வொரு மணியாக வாசித்தாள். கடைசியில் கொஞ்சம் நிறுத்தினாள். "ரெண்டு மணி மட்டும் நீல மையில இருக்கு. அது அம்மா." கூட்டம் மூக்கை உறிஞ்சியது. முன்வரிசையில் வீப்கா தன் கையுறைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு காபியும் கேக்கும் கொடுத்தபோது ஒவ்வொருவராக வந்து அவள் கையைப் பிடித்தார்கள். "கடைசிவரைக்கும் ரெண்டு பேருமா பாத்துக்கிட்டீங்களே" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. வீப்கா நன்றி என்றாள். அந்தச் சொல் வாயிலிருந்து வெளியே வந்ததை நினைத்தால் இன்றும் அவளுக்கு உடம்பு கூசும்.

ஹில்கே இறந்த அன்று மாலை ஆறு மணிக்கே அவள் கூழைக் கரைத்திருந்தாள். குட்டி துப்பியது. துடைத்துவிட்டு மறுபடி கொடுத்தாள். வெந்நீரில் பஞ்சை நனைத்துக் கண்ணைத் துடைத்தாள், மூச்சுக்காகக் குளியலறையில் ஆவி நிறையவிட்டு அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எதையும் எங்கேயும் குறிக்கவில்லை. குறிக்கும் உரிமை தனக்கு இல்லை என்று தோன்றியது. அதிலிருந்து எட்டாம் நாள், அவள் விரலில் ஒட்டியிருந்த மீனைக் கடுகு தானாக நக்கியது. மருத்துவர் கடுகின் முதுகைத் தடவிக்கொடுத்து, எத்தனையோ பேர் இதில் கைவிட்டுவிடுவார்கள், நீங்கள் விடவில்லை என்றார். அவள் குட்டியைக் கூடையில் வைப்பதுபோல் குனிந்துகொண்டாள்.

வசந்தத்தில் நின்கா அந்தத் தாளைக் கண்ணாடிச் சட்டம் போடக் கொண்டுபோகும் வழியில், அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வந்தாள். கடுகு மேசைக்கடியில் அவள் ஷூ நாடாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

"ரெண்டு மணிக்கு நான் குடுக்கல" என்றாள் வீப்கா. "தொட்டியில ஊத்திட்டேன். அப்பா கேட்டப்போ குடுத்தாச்சுன்னு சொன்னேன்."

நின்கா நாடாவை இழுத்துக்கொள்ள மறந்தாள். 

"எல்லார் முன்னாடியும் படிச்சேனேம்மா."

"தெரியும்."

நின்கா எழுந்து, தாளைப் பழைய மடிப்பிலேயே நீவி, ஃபிரிட்ஜ் கதவில் அதே காந்தத்துக்கடியில் வைத்தாள். காபி கேட்கவில்லை, ஆனால் கிளம்பக் கோட்டையும் எடுக்கவில்லை. கடுகு தட்டுப் பக்கம் போய்ச் சாப்பிட ஆரம்பித்தது. ஜன்னல் வெயில் ஃபிரிட்ஜ் கதவுவரை நீண்டிருந்தது. ஹில்கேவின் பென்சில் குறிகள் கொஞ்சம் தேய்ந்து சாம்பலாகியிருந்தன. நீலம் அப்படியே இருந்தது.