புஷ்பவள்ளியின் கம்ப்யூட்டருக்கு முதல் இடம்

மானேஜர் அப்புத்துரை சாருக்கு என்னைப் பிடிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். “புஷ்பவள்ளி மாதிரி வேலை செய்ய ஆளில்லை” என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பெருமையடித்த மனுஷன் அவர். என்னை வீட்டுக்கு அனுப்பியதும் அதே மனுஷன்தான்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம். பீச் ஸ்ட்ரீட்டில், கப்பல் சரக்குக்கு டாக்குமென்ட் அடித்துக் கொடுக்கிற அலுவலகம் எங்களுடையது. தொழில் படுத்துக் கிடந்தது. என் வீட்டுக்காரர் வேலை பார்த்த ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். அக்கரையில் இருக்கும் சிம்பாங் அம்பாட்டிலிருந்து பஸ்ஸும் ஃபெரியும் பிடித்து வந்து நான் வாங்குகிற சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. எங்கள் அலுவலகத்திலும் ஒருவரை நிறுத்தப்போகிறார்கள் என்று பேச்சு.

அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்து மேசை ராமதாஸ் ஒரு புரோகிராமைக் கொண்டுவந்தான். வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளை வெளிநாட்டு விஞ்ஞானிகள் துண்டு துண்டாக அனுப்புவார்களாம். நாம் கை வைக்காத நேரத்தில் கம்ப்யூட்டர் அதை அலசி, விடையைத் திருப்பி அனுப்புமாம்.

“காசு வேணாம்கா. மெஷின் சும்மா கிடக்கிற நேரத்தக் குடுத்தா போதும்லா. வேற கிரகத்துல ஆள் இருந்தா நாமதான் கண்டுபிடிப்போம்!”

“இங்க இருக்கிற ஆளுங்க தொல்லையே தாங்கல, போ தம்பி!” என்றேன். ஆனாலும் ஆசை வந்துவிட்டது. அப்புத்துரை சாரும், “வேலை கெடாமப் பாத்துக்குங்க” என்று தலையாட்டினார்.

ராமதாஸ் அதோடு விட்டானா? யாருடைய மெஷின் அதிகத் துண்டுகளை முடித்தது என்று வாராவாரம் நோட்டீஸ் போர்டில் ஒட்டினான். முதல் இடம் பிடித்தவருக்கு மற்றவர்கள் கறிபாப் பலகாரம் வாங்கித் தர வேண்டும். வாராவாரம் நான்தான் தின்றேன். இதில் ரகசியம் ஒன்றுமில்லை. மதியத்துக்குள் என் டாக்குமென்ட்களை அடித்து முடித்துவிடுவேன். பிறகு ராமதாஸ் அடித்ததை வாங்கி, பேனாவும் கையுமாக அவன் தப்புகளைத் திருத்துவேன். அவனோ சாயங்காலம்வரை கீபோர்டைத் தட்டிக்கொண்டே இருப்பான்.

ஒருநாள் கோலாலம்பூர் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். போர்டின் முன்னால் நின்று இது என்ன என்று கேட்டார். ராமதாஸ் வாயெல்லாம் பல்லாக விளக்கினான். அவர் போனதும் சார் எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“உங்க கம்ப்யூட்டர்தான் ரொம்ப நேரம் சும்மா இருக்காம். அப்ப இந்தம்மாவுக்கு என்ன வேலைன்னு கேக்குறாரு. நான் என்னத்தச் சொல்ல?”

நான் விடவில்லை. “ராமதாஸ் டாக்குமென்ட்ட தெனமும் திருத்துறது யாரு சார்? அவனையே கேளுங்க!”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் குனிந்து தன் கால் சப்பாத்தைப் பார்த்தான்.

“அக்கா சில நேரம் ஹெல்ப் பண்ணுவாங்க, சார்.”

சில நேரமாம்! பாவி, என் பிள்ளைகள் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டான். சாரும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொன்னார்.

கடைசி நாள் சாயங்காலம் என் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். ராமதாஸ் வந்து நின்றான். கையில் காகிதக் கட்டு.

“கோச்சுக்காதீங்கக்கா. நாளைக்குக் கப்பல் கெளம்புது. இத மட்டும் ஒருதடவ பாத்துக் குடுத்துட்டுப் போங்க.”

வாங்கிப் பார்த்தேன். கப்பலின் பெயரே தப்பு.

“எல்லாம் சரியா இருக்கு, தம்பி” என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, ஃபெரிக்கு நடந்தேன்.