மர்ளியாவின் பீச் மரம்

"இந்த மரம் காச்சா வளவ ஒன்ட பேர்ல எழுதித் தாறன்" என்று பீச் கன்றைக் காட்டி நெய்னார் சொன்னது தங்கச்சி மர்ளியா மேலிருந்த இரக்கத்தால் அல்ல. கரைத்தீவுச் சூட்டில் பீச் காய்க்காது என்பது ஊருக்கே தெரியும். பள்ளிவாசல் ஆட்கள் நாலுபேர் முன்னால் சொல்லிவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தான்.

மர்ளியா சிரிக்கவில்லை. தொண்ணூறில் மன்னாரிலிருந்து இருவரும் உடுத்த துணியோடு விரட்டப்பட்டு வந்தவர்கள்தான். அவன் கடை போட்டு இந்த வளவு நிலத்தை வாங்கினான். விதவையான அவள், யுத்தம் முடிந்து ஐந்து வருடமாகியும் அந்த வளவின் மூலையில் ஓலைக் குடிலில் கிடந்தாள். தன் பெயரில் ஒரு துண்டு நிலம், அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கன்றைக் கொண்டுவந்து கொடுத்தவர் மரக்கறி லொறி ஓட்டும் றஊப். மலைநாட்டு வெலிமடையில் ஒட்டுக்கட்டிய, குளிர் அதிகம் கேட்காத இனம். ஆனாலும் வருடத்துக்கு ஒருமுறை அது உறங்கி எழும்ப வேண்டும் என்றார். இங்கே குளிருக்கு எங்கே போவது? மரத்தை ஏமாற்றத்தான் வேண்டும். ஜனவரியில் தண்ணீரை நிறுத்தி, இலைகளை ஒன்றுவிடாமல் கையால் உருவிவிடச் சொன்னார்.

மூன்றாம் வருடம் உருவினாள். நல்ல பச்சை இலைகள், பாவம். மொட்டைக் கிளைகளைப் பார்த்த நெய்னார், தங்கச்சிக்குப் பைத்தியம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். ஒரு மாதம் கழித்துத் தண்ணீர் விட்டாள். கிளை தெரியாமல் ரோசா நிறத்தில் பூத்தது. ஜூனில் பதினொரு பழங்கள்.

பள்ளிவாசல் ஆட்களையும் கூப்பிட்டு, பழங்களைத் தட்டில் வைத்தாள். நெய்னார் ஒன்றைக் கடித்தான். சாறு தாடியில் வழிய, வளவைச் சுற்றிக் கண்ணை ஓட்டினான். கொடுத்த வாக்கைப் பற்றி ஒரு கதையுமில்லை. அவளே கேட்க வேண்டியதாயிற்று.

"பகிடிக்குச் சொன்னதப் புடிச்சிக்கிட்டு நிக்கிறியே. நான் நாப்பது பீச் கண்டு வெக்கப் போறன். ஒன்ட குடில் எடஞ்சல், பிரிக்கணும். மரங்களப் பாத்துக்க, சோறு தாறன்."

வந்தவர்கள் பழத்தைத் தின்றுகொண்டிருந்தார்கள். மர்ளியா வெறும் தட்டை எடுத்துக் கழுவி வைத்தாள். கன்றுகளுக்கு என்ன வேண்டும் என்று அவன் கேட்டபோது, அண்ணனிடம் நிதானமாகச் சொன்னாள்.

"தண்ணி, காக்கா. அடியில எப்பவும் தண்ணி நிக்கணும். களிமண் போட்டு வரம்பு கட்டுங்க."

தண்ணீர் தேங்கினால் பீச்சின் வேர் அழுகிவிடும். றஊப் சொல்லி அது அவளுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. நாற்பது கன்றையும் நட்டு, வரம்பு கட்டித் தண்ணீர் மோட்டரைப் போட்டுவிட்டான். அவன் சந்தேகப்படாதிருக்கத் தன் மரத்துக்கும் அவளே வரம்பு கட்டினாள். அதற்கு ஊற்றும்போது மட்டும் அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் இரண்டு வாளி ஊற்றினாள்.