டாக்டரம்மாவின் மூன்று பாட்டில்கள்

காப்பி எஸ்டேட்டில் பதினெட்டு வருடமாகப் பூச்சி மருந்து அடித்துவந்த பொன்னுவேலுக்கு அன்று ஒரே ஒரு சீட்டு வேண்டும். ‘இவர் இனி மருந்து அடிக்கக் கூடாது’ என்று டாக்டர் சுதாராணி எழுதிக் கொடுத்தால், திங்கட்கிழமையிலிருந்து நாற்றங்காலில் வேலை. இல்லையென்றால் மறுபடியும் முதுகில் மருந்து டேங்க்.

எஸ்டேட் குடோனில் நடந்த மருத்துவ முகாமுக்கு வரும் வழியெல்லாம் மனைவி ராசாத்தி பாடம் நடத்தினாள். “கை நடுங்கறத மறைக்காதீங்க. வாசம் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. எல்லாத்துக்கும் தலையாட்டிராதீங்க.”

ஆட்டமாட்டேன் என்பதற்கும் பொன்னுவேல் தலையைத்தான் ஆட்டினார்.

“கையை நீட்டுங்க அய்யா” என்றார் டாக்டர்.

கைகள் தாமாகவே போய் இடுப்புத் துண்டை இறுகப் பிடித்துக்கொண்டன. ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் எஸ்டேட் ரைட்டருக்குத் தெரியாமல் நடுக்கத்தை மறைத்து மறைத்து நான்கு வருடப் பழக்கம். ராசாத்தி துண்டை வெடுக்கென்று உருவினாள். கைகள் காற்றில் படபடத்தன. வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரிக்க, பொன்னுவேலும் சிரித்தார். சிரிக்கச் சிரிக்க நடுக்கம் கூடியது.

அடுத்து, காகிதம் சுற்றிய மூன்று பாட்டில்கள்.

முதலாவதை முகர்ந்து, “நொம்ப நல்லா இருக்குதுங்க” என்றார். இரண்டாவதற்கு, “இது அதவிட ஜோருங்க.” மூன்றாவதற்குக் கண்ணையே மூடிக்கொண்டார். “சேர்வராயன் கோயில்ல நிக்கற மாதிரியே இருக்குதுங்க!”

“அய்யா, அதுல ஒண்ணுமே இல்ல.”

ராசாத்தி தலையில் அடித்துக்கொண்டாள். “ஊட்டுல ரசம் தீஞ்சாலும் இதையேதானுங்க சொல்றாரு!”

“படிச்சவங்க ஆசையா நீட்டறாங்க. மணக்கலைன்னா மனசு நோகாதா?”

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். மருந்து அடிக்கக் கூடாது. சேலம் போய் நரம்புக்குப் பரிசோதனை செய்ய வேண்டும். சீட்டை ராசாத்தியே வாங்கிக்கொண்டாள். பொன்னுவேல் கையில் இருந்தால் ரைட்டரின் மனம் நோகக் கூடாதென்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவர் நல்லமுத்து. அவரும் மருந்து அடிப்பவர்தான். தனக்கு ஒன்றுமில்லை என்று வேடிக்கை பார்க்க வந்திருந்தார். டாக்டர் முதல் பாட்டிலை அவர் மூக்கருகே நீட்டினார். அது நிறைய லவங்கம்.

நல்லமுத்து ஆழ மூச்சிழுத்தார். விரலை ஆட்டினார். “எங்கிட்டயேங்களா டாக்டரம்மா? இது வெறும் பாட்டிலுங்க!”

வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. டாக்டர் சிரிக்கவில்லை. இன்னொரு சீட்டை எடுத்தார்.

அதைக் கண்ட பொன்னுவேல் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்.

“உக்காருங்க மச்சான். நாத்தாங்கால்ல ஆளு பத்தலைங்களாம்.”