கண்ணை மூடி விரல் காட்டுங்கள்

ஜலகண்டாபுரத்தை ஒட்டிய அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவர் தனப்பிரியா. பாடம் முடித்து "புரிஞ்சுதா?" என்று கேட்டால், "புரிஞ்சுதுங்க டீச்சர்" என்று வகுப்பே ஒரே குரலில் கத்தும். தேர்வுத்தாளைத் திருத்தினால் பக்கங்கள் வெறுமையாக இருக்கும்.

பின்னங்களைத் தொடங்கிய வாரம், ஆசிரியர் பயிற்சி ஒன்றில் கற்றுக்கொண்டதைச் செய்து பார்த்தார். எல்லாரையும் பெஞ்சில் தலை கவிழச் சொன்னார்.

"கண்ணை மூடிக்கங்க. நல்லாப் புரிஞ்சிருந்தா மூணு விரல், அரைகுறைன்னா ரெண்டு, ஒண்ணுமே புரியலைன்னா ஒரு விரல். யாரையும் திட்ட மாட்டேன்."

எழுந்த கைகளைப் பார்த்தார். எங்கு பார்த்தாலும் ஒற்றை விரல். எந்தக் கேள்விக்கும் முதலில் தலையாட்டும் இலக்கியாவும் ஒரு விரலைத்தான் நீட்டியிருந்தாள்.

தலைமையாசிரியர் பெரியசாமியிடம் போனார்.

"சார், இவங்களுக்கு வகுத்தலே வரலை. கொஞ்ச நாள் பின்னாடி போய்ட்டுத்தான் வரணும்."

"எனக்கும் தெரியுதுங்க டீச்சர். ஆனா காலாண்டுக் கேள்வித்தாள் மாவட்டத்துக்கே ஒண்ணு. பாடம் முடியலைன்னா அதிகாரிக்கு நான் என்னங்க சொல்றது?"

வேறு வழியில்லாமல் மதிய இடைவேளையைப் பாடத்துக்கு எடுத்துக்கொண்டார். சாப்பிட்டுவிட்டு இலக்கியாவும் இன்னும் சிலரும் வந்தார்கள்.

"மூணுல ஒரு பங்கு பெருசா, நாலுல ஒரு பங்கு பெருசா?"

"நாலுல ஒரு பங்குங்க டீச்சர்" என்றாள் இலக்கியா.

"ஏன்?"

"நாலுதானுங்களே பெருசு."

பிள்ளைகள் எங்கே சறுக்குகிறார்கள் என்று அப்போதுதான் அவருக்குத் தெளிவானது. திருத்திச் சொல்லவில்லை. காகிதப் பட்டைகளைக் கொடுத்து, மடித்துப் பார்த்துப் பக்கத்தில் இருப்பவரோடு பேசச் சொன்னார். கொஞ்ச நேரம் ஒரே சலசலப்பு. பிறகு இலக்கியா எழுந்தாள்.

"டீச்சர், ஆளு கூடக் கூடப் பங்கு சிறுத்துப் போவுதுங்க! அப்ப மூணுல ஒண்ணுதான் பெருசு!"

அன்றிலிருந்து கிளம்பும்போது ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் ஒரு கணக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதில் தெரிந்த தவறிலிருந்துதான் மறுநாள் தொடங்குவார். மெல்ல மெல்லக் கூட்டம் பெருகியது.

அந்த நேரத்தில்தான் பணி நிரவல் ஆணை வந்தது. பிள்ளைகள் குறைந்துவிட்டதால் ஓர் ஆசிரியர் உபரியாம். பணியில் இளையவர் தனப்பிரியா. மேட்டூர்ப் பக்கத்துப் பள்ளிக்கு உடனே போக வேண்டும். காலாண்டு முடியும் வரையாவது விடுங்கள் என்று அலுவலகத்தில் கெஞ்சினார். "மேல இருந்து வந்ததுங்க மேடம்" என்றார்கள்.

கடைசி நாள் மாலை, பேருந்து நிறுத்தத்துக்கு இலக்கியாவும் அவள் அம்மா மாரக்காளும் வந்திருந்தார்கள். தறிப் பட்டறையிலிருந்து நேராக வந்ததால் மாரக்காளின் தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"ஏனுங்க டீச்சர், இப்பத்தான் கணக்கு வருதுன்னு ஊட்டுல சொல்லிட்டிருந்தா. இனி யாருங்க சொல்லிக் குடுப்பாங்க?"

"யாரையாச்சும் போடுவாங்கம்மா."

"எப்பங்க?"

பேருந்து வந்து நின்றது. தனப்பிரியா கூட்டத்தில் இடித்து ஏறி ஜன்னலோரம் வந்ததும் கீழிருந்து இலக்கியா கூப்பிட்டாள்.

"டீச்சர், கீழ இருக்கிற எண்ணு வேற வேறயா இருந்தா எப்படிங்க கூட்டறது?"

"ரெண்டுக்கும் பொதுவா ஒரு எண்ணு கண்டுபிடிக்கணும் சாமி. இப்ப மூணும் நாலும்னு வெச்சுக்க..."

நடத்துநர் விசில் ஊத, பேருந்து இரைந்துகொண்டு நகர்ந்தது. பக்கத்தில் ஓடிவந்த இலக்கியாவுக்கு எதுவும் கேட்கவில்லை. தனப்பிரியா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னும் சொல்லிக்கொண்டே இருந்தார்.