வெந்நீர்க் கால்வாய்

தம்பியின் நீலச் சட்டைக்குச் சோப்புப் போட்டுவிட்டு அலசத் திரும்பியபோதுதான் அக்கா பார்த்தாள். கால்வாயில் தண்ணீர் கணுக்காலுக்குக்கூட இல்லை. கையை விட்டாள். வெதுவெதுப்பும் போயிருந்தது.

மின் நிலையம் ஆற்றிலிருந்து தண்ணீரை இழுத்து, உள்ளே சூட்டைத் தணித்துக்கொண்டு, இந்தக் கால்வாய் வழியாகத்தான் திரும்ப ஆற்றுக்கு அனுப்பும். அந்த வெதுவெதுப்பை நம்பித்தான் அவள் சலவைக்கூடமே போட்டாள். விறகு வேண்டாம், கொப்பரை வேண்டாம். ஆஸ்பத்திரிப் போர்வையில் இருக்கும் கறைகூட முரண்டு பிடிக்காமல் போய்விடும். இடத்தைக் காட்டியதே மின் நிலையத்தில் பம்ப் ஓட்டும் தம்பிதான்.

தண்ணீரை ஆறவைக்க மின் நிலையத்துக்குள் இடுப்புச் சிறுத்த அந்த இரண்டு கோபுரங்கள் எழும்பியபோது, "இனிமே ஆத்துல முன்ன மாதிரி அள்ள மாட்டோம்க்கா, கொஞ்சந்தான்" என்றான். அவர்கள் குறைத்து எடுத்தால் தன் கால்வாய்க்குத்தானே மிச்சம் என்று அவள் கணக்குப் போட்டாள். கோபுரம் வேண்டாம் என்று எதிர்த்துப் பேசிய அக்கம்பக்கத்தாரிடம், "என் தம்பியே சொல்றான், உங்களுக்கென்ன தெரியும்?" என்று சண்டைக்கே போனாள்.

மத்தியானம் சட்டையை வாங்க அவனே வந்தான்.

"என்னடா, உங்க குழாயில எருமை ஏதாவது படுத்திருக்கா?"

அவன் சிரிக்கவில்லை. கொடிக்கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றான். "அடைப்பில்லக்கா. இப்ப அதே தண்ணிதான் உள்ளயே சுத்திச் சுத்தி வருது. சூடு ஆவியா கோபுரத்து வழியா மேல போயிடும். போனதுக்கு ஈடு கட்டத்தான் ஆத்துல எடுக்கறோம்."

"அப்ப எனக்கு?"

கோபுரத்தின் வாயிலிருந்து வெள்ளையாகப் பொங்கி எழுந்துகொண்டிருந்தது. அவள் தலையைத் தூக்கி அதைப் பார்த்தாள். தன் கால்வாய் மேலே போய்க்கொண்டிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அஸ்திவாரம் தோண்டும்போதே. கோபுரத்துக்கு என்னையே பொறுப்பா போடறேன்னாரு மேனேஜர். வெளிய யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு..."

"நான் வெளியவாடா?"

பழக்க தோஷத்தில் அவன் கை சட்டைக்கு நீண்டது.

தொட்டியிலிருந்து சட்டையை எடுத்து, பிழியாமல் அப்படியே அந்தக் கையில் போட்டாள். "அலச இங்க தண்ணியில்ல. உங்க இடத்துலதான் கொட்டிக் கிடக்கே."

அவன் போன வழியெல்லாம் நுரை சொட்டியது. கொடியில் விறைத்துக் காய்ந்திருந்த போர்வைகள் மேல் கோபுரத்து மேகத்தின் நிழல் மெல்ல ஊர்ந்து, கால்வாயைத் தாண்டிப் போனது.